அப்பாவின் வில்லுக்கத்தி மாதிரி ஒன்று கொழும்பில் எங்கே கிடைக்கும்?

தெருமூலை:
வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அவரிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. சாரத்தோடு கட்டும் பச்சைப் பெல்ட்டில் எப்போதும் தொங்கும். இரண்டு பக்கமும் கறுப்பு, கை வழுக்காதபடி கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு. அகலமான ஓர் அலகு. நுனி கூராக இருக்காது, சப்பையாக வெட்டிவிட்ட மாதிரி. அதற்குப் பக்கத்தில் ரின் வெட்டும் கொக்கி. முதுகுப் பக்கத்தில் தடித்த இரும்பு ஊசி ஒன்று மடிந்து கிடக்கும். ஒரு முனையில் வளையம். மாம்பழம் வெட்டுவதும் அதால்தான், ரேடியோவின் பின்மூடியைக் கழற்றுவதும் அதால்தான். என் காலில் முள் குத்தியபோது அந்த ஊசியால்தான் கிளறி எடுத்தார். இப்போது நினைத்தாலும் கால் கூசுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது அது காணாமல் போய்விட்டது. அப்பா போயும் ஒன்பது வருடமாகிறது. அதே மாதிரி ஒன்று வாங்கிப் பாவிக்க வேண்டும் என்று இப்போது ஒரு ஆசை. கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பார்க்கிற சாமான் வேண்டாம். ரின், போத்தல், ஸ்குரூ, முள், மாம்பழம், இவ்வளவுக்கும் உதவினால் போதும். புறக்கோட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். டோர்ச் லைட் பூட்டிய கத்திதான் காட்டுகிறார்கள்.

நூறாம் நம்பர் பஸ்:
இந்தக் காலத்தில் வில்லுக்கத்தியா? லெதர்மன் ஒன்று வாங்குங்கள். குறடு, வாள், அரம் எல்லாம் ஒரே பிடிக்குள். அமெரிக்கர் ஒருவர் 1975இல் பழைய ஃபியற் காரில் ஐரோப்பா சுற்றும்போது, கார் அடிக்கடி மக்கர் பண்ணியதால் யோசித்த சாமான் அது. 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. நல்ல யோசனை எல்லாம் பழுதான வாகனத்தில்தான் பிறக்கும்.

தெருமூலை:
அண்ணை, லெதர்மன் நண்பனிடம் இருக்கிறது. சாரத்தில் சொருகினால் சாரமே இறங்கிவிடும். மாம்பழம் வெட்டினால் சாறு குறட்டுக்குள் போய், பிறகு எறும்பு.

குறுக்குத்தெரு:
தம்பி, நான் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடையில் இருபது வருடம் நின்றவன். குறுக்குத்தெருக்களில் தேடியது பிழை. அங்கே பரிசுச் சாமான், விளையாட்டுச் சாமான்தான் ஓடும். பழைய சோனகத் தெருப் பக்கம் போங்கள். வேலை ஆயுதம், பூட்டு, ஆணி விற்கிற பழைய கடைகளில் மேல் தட்டில் தூசி பிடித்த பெட்டி கிடக்கும். “மடக்குக் கத்தி” என்று கேட்டால் புதுசைத்தான் எடுப்பார்கள். “பழைய ஸ்டொக் ஏதும் கிடக்குதா” என்று கேளுங்கள்.

ஒன்று சொல்கிறேன். சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டதெல்லாம் சுவிஸ் கத்தி இல்லை. பெரிய அலகின் அடியில், பிடிக்குள் போகிற இடத்தில், பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள். போலியில் அந்த இடம் மொட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் எழுத்து கலங்கிக் கிடக்கும். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதுகில் ஓடும் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் ஒழுகினால் வையுங்கள் திரும்ப. கடைசியாக அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல கத்தி திறக்கும்போது ஒருக்கா, மூடும்போது ஒருக்கா “டக்” என்று சொல்லும். சொதசொதவென்று மூடினால் வில் செத்துப்போய்விட்டது.

நூறாம் நம்பர் பஸ்:
கத்தி வாங்கப் போய்க் காதைக் கொடுக்கச் சொல்கிறார்.

பழைய சாமான்:
தெருமூலைத் தம்பி, உங்கள் அப்பாவிடம் இருந்தது என்ன கத்தி என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் துறைமுகத்தில் இருந்தவன்தான்.

அது பிரிட்டிஷ் இராணுவத்தின் மடக்குக் கத்தி. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கும் கப்பல்காரருக்கும் கொடுத்தது. கறுப்புக் கட்டம், சப்பை நுனி, ரின் கொக்கி, ஊசி, வளையம், எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. கொழும்பில் அது கிடைத்ததில் புதுமை இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். 1944இல் மவுண்ட்பேட்டனின் நேசநாட்டுப் படைகளுக்கான தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே பேராதனைக்கு வந்தது. அவ்வளவு பட்டாளம் இருந்த ஊரில் கத்தி, போத்தல், கம்பளி எல்லாம் மிஞ்சத்தான் செய்யும். என் சின்ன வயதில் பழைய சாமான் கடைகளில் பச்சை நிறக் கன்வஸ் பைகளோடு இவையும் கிடந்தன.

நுனி ஏன் சப்பை என்று யாரும் கேட்கவில்லை. ஆடுகிற கப்பலில் கூர்நுனிக் கத்தி கையில் இருந்தால் உனக்கோ பக்கத்தில் நிற்பவனுக்கோ குத்தும். அதோடு வெட்டும் ஓரம் நேராக இருப்பதால் கயிற்றின் மேல் முழுவதுமாகப் படியும். முதுகில் மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் தடித்த வடமும் ஒரே வெட்டு.

நூறாம் நம்பர் பஸ்:
ஊசி குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க என்று எங்கள் மாமா சொல்வார்.

பழைய சாமான்:
எல்லோருக்கும் ஒரு மாமா அப்படிச் சொல்லியிருப்பார். குதிரைக்காரரின் கத்தியில் கல் எடுக்க ஒரு சாமான் உண்டு, ஆனால் அது வளைந்த கொக்கி. இது நேரான ஊசி, கயிற்று வேலைக்கு. மூன்று புரிக் கயிற்றின் நுனியில் கண், அதாவது வளையம், வைத்துப் பின்னும்போது புரிகள் இறுகிக் கிடக்கும், விரல் நுழையாது. ஊசியை உள்ளே விட்டு ஒரு திருகு. புரி வாயைத் திறக்கும். அந்த இடைவெளியால் அடுத்த புரியின் நுனியைச் செருகி இழுப்போம். ஒரு கண்ணுக்குப் பல தடவை. இறுகிப்போன முடிச்சை அவிழ்க்கவும் அதுதான். நகத்தால் அவிழ்க்கப் போய் நகம் பெயர்ந்தவன் சொல்கிறேன்.

தெருமூலை:
ஐயா, கை நடுங்குகிறது. கயிற்றை அப்படித்தான் திருகுவார். வீட்டில் ஊஞ்சல் கட்டும்போது பார்த்திருக்கிறேன். ஊசி எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊசிநூல்:
ஆண்கள் எல்லோரும் ஊசியிலேயே நிற்கிறீர்கள். நான் தையல்காரி. கைப்பையில் 58 மில்லிமீற்றர் சின்ன சுவிஸ் கத்தி பதினொரு வருடமாகக் கிடக்கிறது. அதில் அலகு, நக அரம், கத்தரிக்கோல், முள்வாங்கி, பல்லுக்குத்தி. இந்த ஐந்தில் ஒரு நாளைக்கு எதைத் தொடுகிறேன் என்று நினைக்கிறீர்கள்? கத்தரிக்கோலை மட்டும்தான். மாத்திரைப் பட்டையை வெட்ட, நூல் வெட்ட, பால்மாப் பைக்கற்றின் மூலை வெட்ட, பிள்ளையின் சட்டையில் கழுத்தை அரிக்கிற லேபல் வெட்ட. அடுத்தது முள்வாங்கி. அலகை மாம்பழக் காலத்தில் மட்டும்.

தம்பி, அப்பாவின் கத்தியைத் தேடுவது வேறு, தினம் உதவும் கத்தியைத் தேடுவது வேறு. உங்கள் பட்டியலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கயிறு இருந்தது. உங்களுக்கு என்ன இருக்கிறது? சொல்லுங்கள், பிறகு கத்தி சொல்கிறோம்.

தெருமூலை:
அக்கா, உண்மையில் யோசித்தால் கணினி பார்க்கிற வேலை. பார்சல் பெட்டி திறக்கிறேன், கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை வெட்டுகிறேன். நட்சத்திர ஸ்குரூ கழற்றுகிறேன். வாரத்துக்கு ஒருநாள் ரின்மீன். வெட்கமாக இருக்கிறது.

ஊசிநூல்:
வெட்கம் எதற்கு. ரின்மீன் குழம்பு வைக்கத் தெரிந்தால் போதும்.

குறுக்குத்தெரு:
அப்படியென்றால் சுவிஸ் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவும் பழைய சாமான்தான், புதுசு என்று நினைக்காதீர்கள். சிப்பாய்க்கு ரின் சாப்பாடு திறக்கவும் துவக்கைக் கழற்றவும் ஒரே சாமான் வேண்டும் என்றுதான் சுவிஸ் இராணுவம் அதைக் கேட்டது. முதல் தொகுதி ஜெர்மனியில் சோலிங்கனில் செய்தது. 1891இல் கார்ல் எல்செனர் தன் ஊரிலேயே செய்து கொடுக்கத் தொடங்கினார். இன்றைய விக்டோரிநொக்ஸ் கம்பனி அவருடையதுதான். தக்கை கழற்றும் சுருளோடு அதிகாரிகளுக்கான கத்தி 1897இல் வந்தது. சிப்பாய்க்கு ரின், அதிகாரிக்கு வைன். உலகம் முழுக்க அப்படித்தான்.

விக்டோரிநொக்ஸில் ஸ்பார்ட்டன் என்ற மாதிரி உங்களுக்கு வேண்டாம், அதில் சுருள்தான் இருக்கும். டிங்கர் பாருங்கள். 91 மில்லிமீற்றர், அதே அளவு, சுருள் இருந்த இடத்தில் நட்சத்திர ஸ்குரூ ட்ரைவர். பெரிய அலகு, சின்ன அலகு, ரின் வெட்டி, போத்தல் திறப்பான், குத்தூசி, முள்வாங்கி, பல்லுக்குத்தி. பழைய மோஸ்தர் பிடிதான் வேண்டும் என்றால் பயனியர் இருக்கிறது, 93 மில்லிமீற்றர், வெள்ளி நிற அலுமினியத் தகட்டில் சொரசொரப்பு. கையில் எடுத்தால் உங்கள் அப்பாவின் பிடி ஞாபகம் வரலாம். ஆனால் அதில் முள்வாங்கி கிடையாது. தகட்டுப் பிடிக்குள் செருக இடமில்லை.

ரின் வெட்டியைப் பிழையாகப் பாவிக்கிறவர்கள்தான் கூட. விக்டோரிநொக்ஸில் கொக்கியை ரின்னின் விளிம்பில் மாட்டி, முன்னோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெங்கர் என்ற மற்றச் சுவிஸ் கம்பனியின் கத்தியில் எதிர்ப்பக்கம், பின்னோக்கி. 2005இல் விக்டோரிநொக்ஸ் வெங்கரை வாங்கிவிட்டது, ஆனால் பழைய வெங்கர் இன்னும் கைகளில் சுற்றுகிறது. வெட்டத் தெரியாமல் “மொட்டை” என்று திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு நானே கடையில் ரின் வெட்டிக் காட்டியிருக்கிறேன். ரின்மீன் நாற்றத்தில் முதலாளி ஏசினார்.

ஓலைச்சுவடி:
தலைப்பில் “வில்லுக்கத்தி” என்று பார்த்துத்தான் உள்ளே வந்தேன். பாரம்பரியம் என்றதும் எல்லோரும் பிரிட்டனுக்கும் சுவிசுக்கும் போய்விட்டீர்கள். நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்ததே! ஒரு பக்கம் ஓலையில் எழுதும் ஆணி, மறு பக்கம் ஓலையை நறுக்கவும் ஓரம் வாரவும் சின்னக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடியும். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை சொல்வார்கள். எழுதுகிறவன் மடியில் சொருகிக்கொண்டு போக வசதியாக இருந்தது மடக்குவதுதான்.

சிங்களவரிடம் பிஹா கெத்த என்று ஒன்று உண்டு. பித்தளையும் வெள்ளியும் பதித்த கண்டிக் கத்தி. பல கத்திகளில் அதே உறைக்குள் ஓர் எழுத்தாணியும் இருக்கும். கொழும்பு அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், 1877இலிருந்து திறந்திருக்கிறது, இன்னும் பாதிக் கொழும்பு போனதில்லை. முள்வாங்கியும் சுவிஸ்காரன் கண்டுபிடித்ததல்ல. முள்வாங்கி, காதுக் குறும்பி வாங்கி இரண்டையும் ஒரு வளையத்தில் கோர்த்து இடுப்பில் தொங்கவிட்ட கிழவிகளை என் அம்மம்மா பார்த்திருக்கிறா.

நூறாம் நம்பர் பஸ்:
எழுத்தாணியால் ரின்மீன் திறக்க முடியுமா?

ஓலைச்சுவடி:
திறந்தால் அதில் கவிதை வரும்.

தெருமூலை:
இன்னொன்று கேட்க வேண்டும். இதை வெளியே கொண்டு திரிவது பிரச்சினையாகுமா? மனைவி பயப்படுகிறா.

பழைய சாமான்:
அவ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, தம்பி. போர்க்காலத்தில் கொழும்பில் தமிழன் பையில் கத்தி கொண்டு திரிய முடியுமா? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்ததுமே கேள்வி வரும், அதற்குள் ஒரு பேனைக்கத்தியும் கிடந்தால் போதும். நான் என் கத்தியை வேலைத்தலத்து லொக்கரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன். காலையில் எடுப்பேன், மாலையில் வைப்பேன். கனகாலம் அப்படியே. உங்கள் அப்பாவின் கத்தி பெல்ட்டில் தொங்கியதை நீங்கள் பார்த்தது அதற்கு முந்திய காலமாகவோ வீட்டுக்குள்ளேயோதான் இருக்கும்.

2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு ஹோட்டல், கடைத்தொகுதி எல்லாவற்றிலும் பையைத் திறந்து பார்த்தார்கள். இப்போதும் சில இடத்தில் பார்க்கிறார்கள். வீட்டில், வேலையில், காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழா, கூட்டம், கோட்டைப் பக்க அலுவலகம் என்றால் விட்டுவிட்டுப் போங்கள்.

ஊசிநூல்:
விமான நிலையத்தையும் சேருங்கள். என் முதல் கத்தியைக் கைப்பையிலிருந்து எடுக்க மறந்து சிங்கப்பூர் போகப் போய், சோதனையில் கொடுத்துவிட்டு அழுதேன். பிழை என்னுடையதுதான், பெரிய பெட்டிக்குள் போட்டிருந்தால் போயிருக்கும். இப்போதுள்ளது இரண்டாவது.

தெருமூலை:
ஐயா, நீங்கள் சொன்னது சரி. 83 கலவரத்துக்கு முந்திய ஞாபகம்தான் எனக்கு. நான் அதை யோசிக்கவே இல்லை.

குறுக்குத்தெரு:
பழைய கத்தி கிடைத்தால் பராமரிப்பு. வெள்ளவத்தைக் கடல் காற்றுக்கு கார்பன் இரும்பு ஒரு கிழமையில் கறள் காட்டும். மாங்காய் வெட்டினால் அலகு கறுக்கும், அது கறள் இல்லை, பயப்பட வேண்டாம். செம்மஞ்சளாகத் தூள் பறந்தால்தான் கறள். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். சாப்பாடு வெட்டுகிற அலகுக்கு ஃபார்மசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபின். மரப்பிடிக் கத்தி, ஒப்பினல் மாதிரி, வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு உள்ளே இறுகும். பல்லால் இழுக்காதீர்கள்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். தேங்காய் வெட்டும் கத்திக்கு அவர் ராசா. மெல்லிய அலகைத் தண்ணீர் இல்லாமல் சக்கரத்தில் வைத்தால் ஓரம் நீலமாகும். நீலமானால் அந்த இடத்தில் இரும்பின் உரம் போய்விட்டது, பிறகு எத்தனை தீட்டினாலும் நிற்காது. தண்ணீர்க் கல்லில் தீட்டுங்கள். அவசரத்துக்குத் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அடிவளையத்தில் பத்துத் தடவை இழுங்கள். மினுக்கம் பூசாத அந்த வளையம் நல்ல சாணைக்கல்.

தெருமூலை:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டிங்கர் வாங்கிவிட்டேன், மச்சான் கனடாவிலிருந்து கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நட்சத்திர ஸ்குரூ கிட்டத்தட்டத் தினமும், ரின் வெட்டி மூன்று தடவை, முள்வாங்கி ஒரு தடவை. ஊசிநூல் அக்கா சொன்ன கத்தரிக்கோல் இதில் இல்லை. அதற்குள் நாலைந்து தடவை தேடிவிட்டேன். கேட்காமல் வாங்கியது பிழை.

ஆனால் அது இல்லை விஷயம். பழைய சோனகத் தெருவில் மூன்று கடையிலும் இல்லை என்றுவிட்டார்கள். நாலாவது கடையில் ஒரு முதியவர், “இரும்புக் கடைக்குப் போகிற பெட்டிக்குள் ஒன்று கிடக்கு, வேணுமென்றால் பாரும்” என்றார். பழைய பூட்டு, சாவிகளோடு ஒரு கட்டி. கறள் பிடித்து எதுவும் திறக்கவில்லை. 1,500 கேட்டார், 1,000க்குத் தந்தார். மண்ணெண்ணெய்யில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். முதலில் ஊசி அசைந்தது. பிறகு ரின் கொக்கி. அலகு கடைசியில், துணி சுற்றிக் குறட்டால் இழுத்தபோது. “டக்” என்றது, குறுக்குத்தெரு அண்ணை! அடியில் கறளைத் தேய்த்தால் ஒரு அம்புக்குறி, கோழிக்கால் தடம் மாதிரி மூன்று கோடு. கீழே 1943.

பழைய சாமான்:
அந்தக் கோழிக்கால்தான் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்ற முத்திரை. இனித் தேய்க்காதீர்கள், அழிந்துபோகும். பக்கத் தகடு வெடித்திருக்கிறதா?

தெருமூலை:
ஒரு மூலையில் சின்ன வெடிப்பு, ஐயா. மற்றபடி கட்டம் எல்லாம் அப்படியே.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தா. “அப்பாவின்ர இதைவிடச் சின்னன்” என்றா. பிறகு குசினிக்குள் போய் ஒரு ரின்மீனை எடுத்து வந்து என் கையில் தந்துவிட்டு, “திற பாப்பம்” என்றா.

நூறாம் நம்பர் பஸ்:
திறந்ததா?

தெருமூலை:
பாதி. மிச்சத்தை அம்மா வாங்கித் திறந்தா. கொக்கியைப் பிடிக்கிற விதம் அவவுக்குத் தெரிந்திருந்தது.

குறுக்குத்தெரு:
மண்ணெண்ணெய்யில் ஊறின கத்தியாலா? சவர்க்காரம் போட்டுக் கழுவினீர்களா முதலில்?